குருதிச் சோதனையும் குறியீட்டு எண்ணும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் சோதனை, அதற்குக் கட்டணப் பட்டியல் எழுதும் முறை, அதில் இடும் குறியீட்டு எண்கள் ஆகியவை பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அழைப்பிதழில் இத்தலைப்பைக் கண்ட பெரியவர்கள் சிலர், "வெள்ளி விழாவில் இரத்தப் பரிசோதனைக் கணக்கு எதற்கு?" என்று வியந்திருக்கக் கூடும். அவ்வியப்பு இயல்பானதே. ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் இன்று அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மெடிக்கல் கோடிங் படிக்கலாமா? அது என்ன வேலை? அதை நம்பிப் பணம் கட்டலாமா?" என்பதே அக்கேள்வி. அதற்கு நேர்மையாக விடை கூறுவது நம் சங்கத்தின் கடமை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஒரு சோறாக இச்சிறு சோதனையை எடுத்துக்கொண்டு, தொழில் முழுவதையும் உங்களுக்கு விளக்க முற்படுகிறேன்.

சோதனை எது?

இன்ஃபுளுவென்சா என்பது நச்சுயிரியால் வரும் காய்ச்சல். 1933 ஆம் ஆண்டு இலண்டனில் ஆராய்ச்சியாளர்கள் மனிதரிடமிருந்து அந்த நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர். 1957 ஆம் ஆண்டின் பெருந்தொற்று நம் நாட்டிற்குள் கப்பல் வழியே, சென்னைத் துறைமுகத்தில்தான் கால் வைத்தது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தார் அதை ஆராய்ந்து எழுதினர். ஆகவே இந்நோய் நமக்குப் புதிய விருந்தாளியன்று.

நச்சுயிரி உடலில் புகுந்தால், உடல் அதனை எதிர்க்க ஒருவகைப் புரதத்தை உண்டாக்குகிறது. அதுவே எதிர்ப்பொருள். அது குருதியில் உள்ளதா, எவ்வளவு உள்ளது என்று அறிவதே எதிர்ப்பொருள் சோதனை. 1941 இல் ஹெர்ஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் உண்மையைக் கண்டார். இன்ஃபுளுவென்சா நச்சுயிரி கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்கிறது. எதிர்ப்பொருள் உள்ள குருதிநீரைச் சேர்த்தால் அந்த ஒட்டுதல் தடைபடுகிறது. குருதிநீரை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவு வரை தடை நிற்கிறது என்று பார்த்து அளவைக் கூறினர். இம்முறை இன்றும் ஆய்வகங்களில் வழக்கில் உள்ளது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். எதிர்ப்பொருள் பெருக ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். காய்ச்சல் கண்ட முதல் நாளில் குருதி எடுத்தால் அது பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. எதிர்ப்பொருள் காணப்பட்டாலும், அது சென்ற ஆண்டுக் காய்ச்சலால் வந்ததா, தடுப்பூசியால் வந்ததா, இன்றைய நோயால் வந்ததா என்று கூற இயலாது. ஆதலால் நோயின் தொடக்கத்தில் ஒருமுறையும், இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறையும் குருதி எடுத்து ஒப்பிடுவர். அளவு நான்கு மடங்காவது உயர்ந்திருந்தால் அண்மையில் நோய் தொற்றியது எனக் கொள்வர். அதற்குள் நோயாளி குணமாகிப் பணிக்குத் திரும்பியிருப்பார்! எனவே இச்சோதனை பெரும்பாலும் நோய்ப் பரவலை ஆராய்வதற்கும், தடுப்பூசியின் பயனை அளப்பதற்கும் உதவுகிறது. படுக்கையில் கிடப்பவருக்கு மருந்து தீர்மானிக்க மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சால் எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். போன்ற சோதனைகளே ஏற்றவை.

வேலூரில் நிகழ்ந்த ஒரு சோதனை

எதிர்ப்பொருள் சோதனை என்பது ஏதோ கடல் கடந்த செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். இந்திய மருத்துவ வரலாற்றில் மறக்கவொண்ணாத ஓர் எதிர்ப்பொருள் சோதனை நம் வேலூரில்தான் நடந்தது. 1986 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, சென்னையில் பெண்கள் பலரிடம் குருதி மாதிரிகளைத் திரட்டினார். எச்.ஐ.வி. இந்நாட்டில் இல்லை என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கணவருடன் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கினார். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் அவர்களின் ஆய்வகத்தில் சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் நிறம் மாறின. எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பதை நாடு அறிந்தது அவ்வாறுதான்.

இரண்டு சோதனைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எச்.ஐ.வி. உடலை விட்டு நீங்குவதில்லை. ஆகவே அதன் எதிர்ப்பொருள் காணப்பட்டால், அதை மேலும் ஒரு சோதனையால் உறுதி செய்து, தொற்று உள்ளது என்று கூறலாம். இன்ஃபுளுவென்சா வந்து நீங்கிவிடும். அதன் எதிர்ப்பொருள் மட்டும் தங்கியிருக்கும். சோதனையின் தத்துவம் ஒன்று. விடையின் பொருள் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவனே நல்ல குறியீட்டாளன் ஆவான்.

எண் இடுவது எவ்வாறு?

இனிக் குறியீட்டுக்கு வருவோம். அமெரிக்க நாட்டில் பெரும்பாலோர் மருத்துவச் செலவைக் காப்பீட்டு நிறுவனங்களே செலுத்துகின்றன. அந்நிறுவனங்கள் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கும்: என்ன செய்தீர்? ஏன் செய்தீர்? இரண்டுக்கும் விடை எண்ணாலேயே அமைய வேண்டும்.

"என்ன செய்தீர்" என்பதற்குச் சி.பி.டி. என்னும் ஐந்திலக்க எண் தொகுதி உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 இல் இதை முதன்முதலாக வெளியிட்டது. அதில் இன்ஃபுளுவென்சா எதிர்ப்பொருள் சோதனைக்குரிய எண் 86710. நரம்பில் ஊசியிட்டுக் குருதி எடுத்ததற்குத் தனி எண் 36415. பஞ்சால் எடுத்து நச்சுயிரியின் கூற்றையே சில நிமிடங்களில் கண்ணால் கண்டறியும் விரைவுச் சோதனைக்கு 87804. பி.சி.ஆர். முறையில் ஏ, பி என்னும் வகைகளைக் கண்டறிவதற்கு 87502. நோய் ஒன்று, நோயாளி ஒருவர். செய்த சோதனைக்கேற்ப எண் மாறுகிறது. எதிர்ப்பொருளைத் தேடினார்களா, நச்சுயிரியைத் தேடினார்களா என்பதை அறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ளாமல், "இன்ஃபுளுவென்சா" என்னும் சொல்லை மட்டும் பார்த்து எண்ணிட்டால் பிழை நேரும்.

"ஏன் செய்தீர்" என்பதற்கு ஐ.சி.டி. என்னும் பன்னாட்டு நோய் வகைப்பாடு உண்டு. 1893 இல் பெர்டியோன் என்னும் பிரெஞ்சுப் புள்ளியியலார் மரணக் காரணங்களை வகைப்படுத்தி அளித்த பட்டியலே இதன் வித்து. இப்போது உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பேணுகிறது. பத்தாம் திருத்தத்தின் அமெரிக்கப் பதிப்பு 2015 அக்டோபர் முதல் நாள் முதல் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதில் பருவகால இன்ஃபுளுவென்சா சோதனையால் உறுதியானால் ஜே 10 வகை. நச்சுயிரி கண்டறியப்படாமல் மருத்துவர் இன்ஃபுளுவென்சா என்று முடிவு செய்தால் ஜே 11 வகை. பறவைக் காய்ச்சல் போன்ற புதுவகைக்கு ஜே 09.

ஒரு பெண்மணி காய்ச்சலும் இருமலுமாகப் புறநோயாளியாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் "இன்ஃபுளுவென்சாவாக இருக்கலாம்" என்று எழுதுகிறார். அங்கே ஜே 10 என்று எழுதலாமா? கூடாது. "இருக்கலாம்" என்பதைப் புறநோயாளிக் கணக்கில் நோயாக எழுதக் கூடாது என்பது விதி. காய்ச்சலுக்கு ஆர் 50.9, இருமலுக்கு ஆர் 05.9 என அறிகுறியையே எழுத வேண்டும். தடுப்பூசி இட்டுக்கொண்ட ஒருவர், உடலில் எதிர்ப்பொருள் உண்டாயிற்றா என்று அறிய வருகிறாரெனில், அவருக்கு நோயே இல்லை. அந்த வருகைக்கு இசட் 01.84 என்னும் எண் தனியே உள்ளது.

இன்னொரு நுட்பம். ஏ வகைக்கும் பி வகைக்கும் தனித்தனியே எதிர்ப்பொருள் சோதனை செய்து, தனித்தனியே அளவு கொடுத்திருந்தால், இரண்டையும் தனித்தனிச் சோதனைகளாகக் கணக்கிட விதி இடம் தருகிறது. ஒன்றுதான் செய்தார்களெனில் ஒன்றுதான் எழுத வேண்டும். நான் முன்பு கூறிய இரட்டைக் குருதி முறையில், முதல் குருதிக்கு அந்நாளின் கணக்கில் ஒரு முறையும், மூன்று வாரம் கழித்து எடுத்ததற்கு அந்நாளின் கணக்கில் ஒரு முறையும் 86710 வரும்.

எண் பிழைபட்டால் என்ன ஆகும்? காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கக் கூடும். முதல் நாள் காய்ச்சலுக்கு எதிர்ப்பொருள் சோதனை எதற்கு என்று கேட்கக் கூடும். அப்போது அந்தச் சுமை எங்கோ வாழும் ஓர் ஏழை நோயாளியின் தலையில் விழலாம். அவரும் கூலிக்கு உழைப்பவராக இருக்கலாம். ஆம்பூரில் அமர்ந்து எண்ணிடும் நம் பிள்ளை, அவர் முகத்தைக் காணாமலே அவர் நலனைக் காக்கவோ கெடுக்கவோ வல்லவனாகிறான். செய்யாததைச் செய்ததாகவும், சிறிய சோதனையைப் பெரிய சோதனையாகவும் எழுதுவது அந்நாட்டுச் சட்டப்படி மோசடி. பொய்க் கோரிக்கைகளைத் தண்டிக்கும் சட்டம் அங்கே 1863 இலேயே இயற்றப்பட்டது. மேலாளர் சொன்னாலும் சான்றில்லாத எண்ணை இடாதீர்கள். நோயாளியின் விவரத்தை வீட்டிலும் பேசாதீர்கள். கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள்.

இத்தொழிலில் சேர விரும்புவோர்க்கு

மருத்துவக் குறியீட்டு வேலை சென்னை, பெங்களூரு, ஐதராபாத் போன்ற நகரங்களில் பல்லாயிரம் பட்டதாரிகளுக்கு வாழ்வளித்துள்ளது. நம் ஊர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையிலோ அதன் அருகிலோ அமைந்திருப்பது நமக்கு ஒரு வாய்ப்பு. விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் பயின்றோருக்கு இது எளிதில் பிடிபடும். உடற்கூற்றியலும், மருத்துவச் சொற்களும், ஆங்கில அறிக்கையைப் பிழையறப் படிக்கும் பயிற்சியும் வேண்டும். சி.பி.சி. என்னும் சான்றிதழ்த் தேர்வு உலகறிந்தது. 100 வினாக்கள், 4 மணி நேரம், நூற்றுக்கு 70 பெற்றால் தேர்ச்சி. குறியீட்டு நூல்கள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. ஆகவே தேறிய பின்னும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனிச் சில எச்சரிக்கைகள். பயிற்சி நிலையங்கள் சில "வேலை உறுதி" என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்கின்றன. தோல் பதனிடும் தொழிற்சாலையில் தந்தை ஈட்டிய சேமிப்பையும், காலணித் தொழிற்சாலையில் அக்காள் தைத்துச் சேர்த்த பணத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டுமுன் நான்கு செய்திகளை விசாரியுங்கள். அங்கே பயின்றவர் எவர், இப்போது எங்கே பணிபுரிகிறார்? கட்டணத்திற்கு முறையான இரசீது தருவார்களா? மூலச் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா? கேட்டால் கொடுக்காதீர்கள். வேலை உறுதி என்பதை எழுத்தில் தருவார்களா? சில நிறுவனங்கள் புதியவர்களைத் தாமே தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் தருகின்றன. முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கிப் படிக்காதீர்கள்.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறுகிறேன். கணிப்பொறியே இப்போது அறிக்கையைப் படித்து எண்ணைப் பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டது. சொல்லைப் பார்த்து எண்ணை எடுத்து வைக்கும் அளவுக்கு மட்டும் அறிந்தவருக்கு இனி இடம் சுருங்கும். பொறி தந்த எண் சரியா, அதற்கு அறிக்கையில் சான்று உண்டா என்று ஆராய்பவருக்கு மதிப்பு நிற்கும். ஆகவே எண்ணை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாமல், நோயையும் சோதனையையும் விளங்கிக்கொள்ளுங்கள். எதிர்ப்பொருள் ஏன் தாமதமாக வருகிறது என்பது விளங்கியவருக்கு 86710 தானே விளங்கும்.

நம் ஊர்க் கணக்கு

இக்கல்வி கடல் கடந்த கணக்குக்கு மட்டும் பயன்படுவதோடு நிற்கலாகாது. நம் வீட்டுக் கணக்குக்கும் அது வேண்டும்.

தோல் தொழிலில் குரோமியம் உப்பைப் புழங்கும் தொழிலாளியின் கையில் தோல் தடித்து, வெடித்து, அரிக்கிறது. மருத்துவமனைச் சீட்டில் "அரிப்பு" என்று ஒரு சொல் எழுதினால் அது எவருக்கும் வரும் அரிப்பாகிவிடும். குரோமியம் முதலிய உலோகத்தால் வந்த ஒவ்வாமைத் தோலழற்சி என்று மருத்துவர் கண்டு எழுதினால், அதற்கு எல் 23.0 என்னும் எண் உண்டு. தொழிலில் நச்சுப் பொருளோடு புழங்கியவர் என்பதைக் குறிக்க இசட் 57.5 என்னும் எண்ணும் உண்டு. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் குரோமியப் புண்ணும், விலங்குத் தோலால் பரவும் ஆந்த்ராக்சும் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களாக இடம்பெற்றன. ஆனால் தொழிலாளி, "நான் தோல் வேலை செய்கிறேன், இன்ன மருந்தைக் கையால் தொடுகிறேன்" என்று மருத்துவரிடம் கூறாவிடில், மருத்துவர் எழுதுவது எவ்வாறு? எழுதப்படாத நோய்க்கு எண் இல்லை. எண் இல்லாத நோய் அரசின் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாததற்கு இழப்பீடு கேட்பது அரிது.

எழுதி அளந்த சான்றின் வலிமைக்கு நம் மண்ணிலேயே சாட்சி உண்டு. 1996 ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. தோல் கழிவுநீரால் பாலாற்றுப் பகுதி பாழ்பட்டதை அவ்வழக்கு எடுத்துரைத்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் ஆய்வுக் கணக்கு தீர்ப்பிலேயே இடம்பெற்றது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. கிணறு கெட்டது என்று ஊரார் ஆண்டாண்டாகக் கூறி வந்தனர். அதை அளந்து எழுதி வைத்தபோது அச்சொல்லுக்கு வலிமை சேர்ந்தது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். அரசுப் பதிவேட்டில் எந்தப் பெயரால் எழுதப்படுவோம் என்பதற்காக அவர்கள் எத்துணைப் பாடுபட்டனர்! இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என எம். சி. ராஜா சட்டமன்றத்தில் வலியுறுத்த, 1922 இல் சென்னை அரசாங்கம் அதை ஏற்றது. பதிவேட்டில் எழுதப்படும் ஒரு சொல்லுக்கு ஒரு சமுதாயத்தின் மானத்தைச் சுமக்கும் ஆற்றல் உண்டென்றால், நோயாளிச் சீட்டில் எழுதப்படும் ஓர் எண்ணுக்கும் ஒரு குடும்பத்தின் நலனைச் சுமக்கும் ஆற்றல் உண்டு.

நம் குடும்பங்கள் மருத்துவமனைக்குச் செல்லும்போது, கூட்டுத் தொகை மட்டும் உள்ள சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுகின்றன. ஒவ்வொரு சோதனையும் இனவாரியாக எழுதப்பட்ட பட்டியலைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018 இல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டயம் இதைத் தெளிவாகக் கூறுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் சிகிச்சைகள் தொகுப்புகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் குறியீடும் தொகையும் குறிக்கப்பட்டுள்ளன. எந்தத் தொகுப்பில் சேர்த்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனைக்குச் செல்வோர் தம் சீட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாதுகாத்து வையுங்கள்.

செய்ய வேண்டுவன

தம்பிகளே, தங்கைகளே! இவ்வெள்ளி விழா முடிந்ததும் நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, உயிரியல் பயின்ற பட்டதாரிகள் சங்கக் கட்டடத்திலேயே வாரம் இருமுறை கூடிப் படிக்கும் வட்டம் ஒன்றை அமைக்கட்டும். ஏற்கெனவே பணியில் உள்ள நம் பிள்ளைகள் விடுமுறையில் ஊர் வரும்போது அங்கே ஒரு மணி நேரம் பாடம் சொல்லட்டும். இரண்டாவது, குறியீட்டு நூல்கள் விலை மிகுந்தவை. ஒவ்வொரு பதிப்பையும் சங்க நூலகம் ஒரு படி வாங்கி வைக்கட்டும். மூன்றாவது, ஞாயிறுதோறும் காலையில் ஓர் இளைஞர் சங்க வாயிலில் அமர்ந்து, மருத்துவமனைச் சீட்டுடன் வரும் தொழிலாளிக்கு அதைப் படித்துப் பொருள் சொல்லட்டும். இம்மூன்றுக்கும் பெரும்பணம் தேவையில்லை. நேரம் தவறாமை ஒன்றே தேவை.

இத்தொழில்தான் வாழ்வு என்று நான் கூறவில்லை. ஆசிரியராகுங்கள், மருத்துவராகுங்கள், வழக்கறிஞராகுங்கள், ஆய்வகம் நடத்துங்கள். எத்தொழிலுக்குச் சென்றாலும், உங்கள் கையால் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை நினைவிற்கொண்டு எழுதுங்கள். உங்கள் வீட்டாரைப் பற்றிப் பிறர் எழுதும் எண்ணையும் கண் திறந்து படியுங்கள்.